கொட்டத் தெரியாத தேனீக்கள்

போன வாரம் உங்களில் ஒருவர் நம் தேனீ வளர்ப்போர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ போட்டிருந்தார். முகவலை இல்லை, கையுறை இல்லை, புகை இல்லை. பெட்டியைத் திறந்து, தேனீ அப்பிய அடையைச் சட்டத்தோடு தூக்கி, கன்னத்தில் வைத்துச் சிரிக்கிறார். கீழே வரிசையாகக் கைதட்டல். அதைப் பார்த்துத்தான் பேச வந்தேன். ஓய்வு பெற்றவள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று என் மகன் சொல்கிறான். அவன் சொல்லிக்கொண்டு கிடக்கட்டும்.

நான் இந்தச் சங்கத்தில் களப்பணியாளராகச் சேர்ந்து, அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பெட்டி பெட்டியாகக் குனிந்து நிமிர்ந்தே முதுகை ஒடித்துக்கொண்டவள். தேனீ வளர்ப்பது எப்படி என்று சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் உண்டு. நான் கடந்தையைப் பற்றிச் சொல்ல வந்தேன். கறுப்புக் குளவி, வயிற்றில் ஒரு மஞ்சள் பட்டை, மண்ணுக்குள் கூடு கட்டும், தேனீயைத் தின்னும். நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்த்ததும் மட்டையை எடுத்து அடித்திருப்பீர்கள். அதைப் பற்றித்தான் பேச்சு.

முதலில் ஒரு சின்னக் கதை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரர் வடக்கே இருந்து இத்தாலியத் தேனீ வாங்கி வந்தார். பெரிய தேனீ, நிறையத் தேன் தரும் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். நம் ஊர்த் தேனீயும் அதே தோப்பில் இருந்தது. மழை விட்ட மாதத்தில் கடந்தை வந்தது. இத்தாலியத் தேனீ வெளியே வந்து சண்டை போட்டது. ஒவ்வொன்றாக வந்தது, ஒவ்வொன்றாகச் செத்தது. நல்ல வீரம்தான். வாசலுக்குக் கீழே பிணங்கள் குவிந்துகிடந்தன. பக்கத்திலிருந்த நம் ஊர்த் தேனீ அப்படிச் செய்யவில்லை. எல்லாம் வாசலுக்குள் ஒடுங்கி நெருக்கமாக நின்றன. கடந்தை கிட்டே வந்தால் வயிற்றை ஆட்டின, அலை மாதிரி. அதையும் மீறி ஒரு கடந்தை வாசல் பலகையில் காலை வைத்தது. ஒரு நொடிதான். அத்தனையும் பாய்ந்து அதைப் பிடித்து மூடிக்கொண்டன. எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு உருண்டை. கொட்டவில்லை. உடம்பை உதறி உதறிச் சூடேற்றின. தேனீ தாங்குகிற சூட்டைக் கடந்தை தாங்காது. வித்தியாசம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில்தான் நம் ஊர்த் தேனீ இத்தனை காலம் பிழைத்துக்கிடக்கிறது.

இதை அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உருண்டை கட்டத் தெரியாத கூட்டங்களைக் கடந்தை தின்று தீர்த்தது. தெரிந்தவை மிஞ்சின, பெற்றுப் பெருகின. கடந்தையும் சும்மா இருக்கவில்லை. முட்டாள்தனமாக வாசலில் போய் இறங்கிய கடந்தைகள் வெந்து செத்தன. தள்ளி நின்று பறந்து, வீடு திரும்பும் தேனீயை அந்தரத்தில் பிடிக்கத் தெரிந்த கடந்தைகளின் கூடு நிலைத்தது. இன்றைக்கு நீங்கள் பார்க்கிற கடந்தை ஏன் வாசலுக்கு நேரே அசையாமல் தொங்குகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அதன் முன்னோரைத் தேனீ அடித்த அடி அது. இரண்டும் ஒன்றையொன்று அடித்து அடித்து வளர்த்தவை. இத்தாலியத் தேனீ இந்த ஊர்க் கடந்தையிடம் அடிவாங்காமல் வளர்ந்தது. அதனால் செத்தது.

சரி. அந்தத் தோப்புக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது, ஐயோ பாவம், வெளியூர்த் தேனீ, நம் தேனீக்கு இந்தக் கதி வராது என்று நினைத்தோம். நம் தேனீயையும் அப்படி ஆக்க முடியும், அதுவும் அன்பாகவே ஆக்க முடியும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

இனி ஜெபமணியின் கதை.

ஜெபமணி மஸ்கட்டில் ஏசி வேலை பார்த்தவன். அவன் மனைவி புஷ்பம். மகள் பிறந்தபோதும் அவன் அங்கே, நடந்தபோதும் அங்கே. அந்தப் பிள்ளைக்கு அப்பா என்றால் போனில் தெரிகிற முகம். ஒருமுறை அவன் லீவில் வந்து வீட்டு வாசலில் நின்றபோது அது போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா இதுலல்லா இருக்காரு" என்று அழுததாம். அத்தோடு அவன் இனிப் போகமாட்டேன் என்று இருந்துவிட்டான். அவன் அப்பா விட்டுப்போன கொஞ்சம் ரப்பரும் தேன்பெட்டியும்தான் பிழைப்பு. ரப்பர் விலை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஆகப் பெட்டிதான். பெட்டி போனால் அவன் மறுபடி மஸ்கட். இது அவனுக்கும் தெரியும், புஷ்பத்துக்கும் தெரியும், ஊருக்கே தெரியும்.

அவன் தேனீக்கள் இந்தச் சுற்றுவட்டாரத்திலேயே சாது. முதன்முதல் நான் போனபோது பெட்டியைத் திறந்து என் கையைப் பிடித்து இழுத்தான்.

"எக்கா, கைய வையுங்க. சும்மா வையுங்க. பூனக்குட்டி போல இருக்கும்."

வைத்தேன். தேனீக்கள் விலகி வழிவிட்டன. ஒன்றுகூடக் கொட்டவில்லை.

"ஒரே ஒரு பெட்டி, சவம், அடங்க மாட்டேங்கு. ஆட்டுக்கூட்டுக்குப் பின்னால கொண்டு போட்டிருக்கேன். பக்கத்துல போனாலே மூஞ்சியில கொட்டும், ராணியப் பிடிக்கவே விடல்ல. மாமியாருன்னு பேரு வச்சிருக்கேன்."

"எங்க அம்மயச் சொன்னா நாக்கு அழுவிப்போவும், கேட்டியளா?" என்று அடுக்களையிலிருந்து புஷ்பம் கத்தினாள்.

"பாத்தியளா எக்கா, ரெண்டும் ஒரே குணமாக்கும்."

இப்படி ஒரு தோட்டமே சாதுவாக எப்படி ஆகும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இந்த வேலைக்கு வந்திருக்கக் கூடாது. மழை விட்டதும் பலமான பெட்டிகளை இரண்டாகப் பிரிக்கிறோம். எந்தப் பெட்டியைப் பிரிக்கிறோமோ அதன் வாரிசுதான் தோட்டம் முழுக்கப் பெருகும். எங்களுக்கெல்லாம் பயிற்சி கொடுத்த ஒருவர், பெயர் வேண்டாம், நல்ல மனிதர், ஒரு விதி வைத்திருந்தார். கொட்டுகிற பெட்டியைப் பிரிக்காதே, அதன் ராணியை நசுக்கு, சாதுப் பெட்டியில் ராணி வளரும் அறையை எடுத்து அதில் வை. காரணமும் சொன்னார். நம் ஊரில் பெட்டி வைப்பது வீட்டை ஒட்டி. பிள்ளைகள் நடக்கிற வழி, ஆடு கட்டுகிற இடம், ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் விடியற்காலையில் குனிகிற இடம். கொட்டினால் பெட்டியை எடு என்று பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான். நியாயமான காரணம்தான். ஒரு வருடம் செய்தால் ஒன்றும் ஆகாது. ஜெபமணியின் அப்பா காலத்திலிருந்து அந்தத் தோட்டத்தில் இதையே செய்தார்கள். அக்கம்பக்கத்தாரும் அவனிடம்தான் பெட்டி வாங்கினார்கள். சுற்றிலும் அதே ரத்தம்.

இன்னொன்றும் செய்தார்கள். கடந்தை மாதங்களில் ஜெபமணியும் புஷ்பமும் முறை வைத்து, கையில் இறகுப்பந்து மட்டையோடு பெட்டிகளுக்கு நடுவே நிற்பார்கள். கடந்தை வந்தால் ஒரே வீச்சு. அவன் வீச்சைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். பால் வெட்டுகிற வில்சன் மரத்தடியில் நின்று எண்ணிக்கொடுப்பான். "மக்கா, ஒலிம்பிக்குக்கு ஆளனுப்ப வேண்டிய கை, இங்க குளவி அடிச்சிட்டு நிக்கி" என்பான்.

அந்த மட்டையைத்தான் நான் இப்போதும் கனவில் பார்க்கிறேன். யோசியுங்கள். கடந்தை வரும்போதெல்லாம் மனிதன் அடித்துக்கொடுத்தால், உருண்டை கட்டத் தெரிந்த கூட்டமும் பிழைக்கும், தெரியாத கூட்டமும் பிழைக்கும். இரண்டுக்கும் வித்தியாசமே இல்லாமல் போகும். பிறகு பிரிக்கும் மாதம் வந்ததும் நாம் போய், எது கொட்டவில்லையோ அதை மட்டும் பார்த்துப் பெருக்குகிறோம். கோபம் என்று எதை நாம் களைந்தோமோ அதோடு சேர்ந்து வேறு என்ன போனது என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு புரட்டாசியில் ஜெபமணிக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். ரத்தத்தில் ஏதோ இறங்கிக்கொண்டே போகிறது என்று நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புஷ்பம் கூடவே போனாள், பிள்ளை பாட்டி வீட்டில். வில்சனிடம் பெட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். நல்ல மழை, பால்வெட்டு இல்லை, அவன் அந்தப் பக்கமே வரவில்லை. மழை விட்டு வெயில் அடித்த மறுநாள் அவன்தான் எனக்குப் போன் போட்டான். குரல் சரியில்லை.

"எக்கா, ஒண்ணு வாருங்க. எனக்குப் பறைய வரல்ல. நீங்க வந்து பாருங்க."

போனேன். பல தோட்டங்களில் பெட்டி அழிந்ததைப் பார்த்தவள் நான். மெழுகுப்பூச்சி அரித்தது, நோய் வந்து புழு அழுகியது, கரடி உடைத்தது எல்லாம் பார்த்திருக்கிறேன். இது வேறு. முதலில் சத்தம் இல்லாததுதான் உறைத்தது. அந்தத் தோட்டத்தில் எப்போதும் ஒரு இரைச்சல் இருக்கும், உள்ளே நுழையும்போதே காதில் ஏறும். அது இல்லை. அதற்குப் பதிலாக ஒரு கனத்த ரீங்காரம், அங்கொன்று இங்கொன்றாக.

தரையில் தலைகள். தேனீயின் தலை தனியே, சிறகு தனியே. ஈர ரப்பர் இலைமேல் அரிசி இறைத்த மாதிரி. கால் வைக்க இடம் இல்லை. பெட்டி வாசல்களில் கடந்தைகள் சொந்த வீடு போல நுழைந்து, வாயில் வெள்ளைப் புழுவைக் கவ்விக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தன. அவசரமே இல்லை. கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர்கள் மாதிரி போவதும் வருவதுமாக இருந்தன.

ஒரு பெட்டியில் இன்னும் உயிர் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கடந்தை வாசல் பலகையில் இறங்கியது. காவல் தேனீக்கள் இருந்தன. ஒரு நல்ல கூட்டம் இருந்தது. அவை பின்வாங்கின. இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டன. அன்றைக்கு என் கைக்கு வழிவிட்டதே, அதே மாதிரி. கடந்தை உள்ளே போனது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது. யாரை அடிக்க?

"மாமியாரைப் பாத்தியளா?" என்றான் வில்சன்.

ஆட்டுக்கூட்டுக்குப் பின்னால் போனோம். அந்தப் பெட்டி இரைந்துகொண்டிருந்தது. கிட்டே போகும் முன்பே என் புருவத்தில் ஒன்று, வில்சன் காதில் ஒன்று. வாசலில் தேனீக்கள் நெருக்கியடித்து நின்று வயிற்றை ஆட்டின. தள்ளி இரண்டு கடந்தைகள் தொங்கின, கிட்டே வரவில்லை. மூன்றாவது ஒன்று, இளசு போல, மற்றப் பெட்டிகளில் பழகிய தைரியத்தில் நேரே வந்து இறங்கியது. மூடிக்கொண்டன. உருண்டை பலகையில் உருண்டு, விளிம்பில் நின்று, கீழே மண்ணில் விழுந்தது. விழுந்தும் விடவில்லை. நான் குனிந்து புறங்கையைக் கிட்டே வைத்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய கட்டன்சாயா டம்ளர் மாதிரி அனல். கொஞ்ச நேரம் கழித்துப் பிரிந்து போயின. நடுவில் கடந்தை காலை மடக்கிக் கிடந்தது.

பக்கத்தில் அதேபோலச் செத்தவை நிறையக் கிடந்தன.

"எம்மோ" என்றான் வில்சன். குனிந்து அவற்றை எண்ண ஆரம்பித்தான்.

புஷ்பத்தைக் கூப்பிட்டோம். பஸ் ஏறி வந்தாள். தோட்டத்து நடையில் நின்று பார்த்தவள், செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தாள். ஏன் என்று கேட்டேன். "எப்பிடிக்கா செருப்போட மிதிக்க?" என்றாள்.

மிஞ்சியது இவ்வளவுதான்: மாமியார் பெட்டி ஒன்று. சாகும் நிலையில் இருந்த அந்தச் சாதுப் பெட்டி. பிறகு அயினி மரக் கிளையில் ஒரு சிறு கூட்டம், பெட்டியை விட்டு ஓடிப்போய்த் தொங்கியது. அதைப் பிடித்து இறக்கினோம். அதன் ராணியின் முதுகில் ஒரு ரோஸ் புள்ளி. மகளின் நகப்பூச்சை எடுத்து ஜெபமணி வைத்த புள்ளி. அவனுடைய செல்ல ராணி. தோட்டத்தில் பாதிப் பெட்டிகளுக்கு அவள் தாய் அல்லது அக்கா.

உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம் இது. வெயில் இருந்தது. கடந்தை இன்னும் வந்துகொண்டிருந்தது. தீர்மானிக்க எங்களுக்கு நேரம் இல்லை. பலமான பெட்டி ஒன்றுதான். அதிலிருந்து தேனீயோடு அடைகளை எடுத்து இரண்டு சாதுக் கூட்டங்களுக்கும் கொடுத்தால் அவை உயிர் பிடிக்கும். ஆனால் மாமியார் பெட்டியில் ஆள் குறையும். உருண்டை கட்ட ஆள் வேண்டும். நாலு தேனீ சேர்ந்து ஒன்றும் வேகவைக்க முடியாது. பங்கிட்டால் மூன்றும் பலவீனம், மறுநாள் மூன்றும் கடந்தைக்கு. பங்கிடாமல் இருக்க வேண்டும் என்றால் சாதுக் கூட்டங்களை இதோடு சேர்க்க வேண்டும். ஒரு பெட்டியில் இரண்டு ராணி இருக்காது.

புஷ்பம் போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவன் குரல் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து இழுத்து இழுத்து வந்தது.

"எக்கா, அந்த மாமியாருப் பெட்டியப் பொளந்து மத்ததுக்குக் குடுங்க. அதுக்க ராணிய நசுக்கிப் போடுங்க. என் ரோஸ் பிள்ள இருக்குல்லா? அது போதும். அதுலேந்து எல்லாப் பெட்டியும் ஒக்க உண்டாக்கிரலாம்."

"முடியாது" என்றேன். "உன் ரோஸ் பிள்ளைக்க மக்கள்தான் தரையில கிடக்கு. கடந்தைக்குக் கதவு தொறந்து விட்டிருக்கு. நான் என் கண்ணால பாத்தேன்."

"அது நான் மட்டையோட நிக்காததுனால."

"நீ எப்பவும் நிப்பியா?"

புஷ்பம் என்னைப் பார்த்து வெடித்தாள்.

"எக்கா, உங்களுக்கு என்ன? கொட்டுத பெட்டிய எவன் வாங்குவான்? சாதுப் பெட்டின்னு சொல்லித்தான் ஆளு தேடி வருது. அது போச்சுன்னா அவரு போயிருவாரு. எனக்க பிள்ள மறுபடி போனப் பாத்து அப்பான்னு கூப்பிடணுமா? சொல்லுங்க."

"செத்த பெட்டிய எவன் வாங்குவான்?" என்றேன். இப்படித்தான் பேசினேன். நயமாகப் பேச எனக்குத் தெரியாது.

அவள் போனை அணைத்தாள். அவனிடம் சொல்லிவிட்டு அணைக்கவில்லை. சட்டத்தில் ஓடிக்கொண்டிருந்த ராணியை இரண்டு விரலால் பிடித்துக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தாள். ரோஸ் புள்ளி தெரிந்தது. பிறகு கையை மூடினாள். மற்றச் சாதுப் பெட்டியின் ராணியை நான் பார்த்துக்கொண்டேன். இரண்டு கூட்டத்தையும் மாமியார் பெட்டியோடு சேர்த்து, வாசலைக் குறுக்கினோம். அவளுக்கு முகமெல்லாம் கொட்டு, ஒரு கண் திறக்கவில்லை. எனக்கு உதடு வீங்கிப் பேச்சு வரவில்லை. எல்லோருக்கும் நல்லதுதான் என்றான் வில்சன்.

அவன் மண்ணெண்ணெய்ப் பாட்டிலும் தீப்பந்தமுமாகத் தயாராக நின்றான். தோட்டத்தைச் சுற்றிய கையாலை மண்சுவருக்கு அடியில் ஒரு கடந்தைக் கூடு, ஓடைக்கு அந்தப் பக்கம் வேறு கூடுகள். எல்லாவற்றையும் கொளுத்த வேண்டும் என்றான். கையாலைக் கூடு பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற வழியில் இருந்தது. அதைத் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னேன். மற்றதைத் தொடாதே என்றேன்.

"எக்காவுக்குக் கடந்தை மேல பாசமாக்கும்" என்றான்.

"அண்ணைக்கு ஒருநாள் ஒக்கக் கொளுத்துனியே, பொறவு உன் பயறுல என்ன நடந்து?"

முகத்தைச் சுளித்தான். முன்பு அவன் கூடுகளைக் கொளுத்திய வருடம் பயறிலும் பாகலிலும் புழு ஏறி ஒன்றும் மிஞ்சவில்லை. கடந்தை தேனீயை மட்டும் தின்பதில்லை.

ஜெபமணியின் பெட்டிகள் அழிந்த வருடம் கடந்தை ஏன் அவ்வளவு என்று நான் பிறகு நிறைய யோசித்தேன். காட்டில் தேனீக் கூட்டம் மரப்பொந்தில் ஒன்று, பாறையிடுக்கில் ஒன்று என்று சிதறி இருக்கும். கடந்தை பெருகினால் தேனீ குறையும், தேனீ குறைந்தால் கடந்தைக்குத் தீனி இல்லை, அதுவும் குறையும். பிறகு தேனீ தலைதூக்கும். ஏறி இறங்கும் அந்தக் கணக்கை நாம் உடைத்துவிட்டோம். பெட்டிகளை ஒரே இடத்தில் நெருக்கி வைக்கிறோம். பஞ்ச மாதத்தில் சீனிப்பாகு ஊற்றிக் குறையாமல் காப்பாற்றுகிறோம். மட்டையால் நாலு கடந்தையை அடிக்கிறோம், நாற்பது தின்றுவிட்டுக் கூட்டுக்குப் போகிறது. ஓடைக்கு அந்தப் பக்கம் மண்ணுக்குள் ராணிக் கடந்தை முட்டை வைத்துக்கொண்டே இருக்கிறது. அதற்குப் பஞ்சமே வரவில்லை. ஜெபமணி தன் தேனீக்கு மட்டும் தீனி போடவில்லை, கடந்தைக்கும் சேர்த்துத்தான் போட்டான்.

ஒரு தோட்டத்தில் நடந்ததை வைத்து உலகத்துக்கே விதி எழுத முடியாது என்று பிறகு ஒரு விவசாயக் கல்லூரி ஆசிரியர் என்னிடம் சொன்னார். சரிதான். சாதுத்தனமும் உருண்டை கட்டுவதும் ஒரே கயிற்றில் கட்டியவையா என்று நிரூபிக்க நான் யார்? தரையில் கிடந்த தலைகள் எந்தப் பெட்டிகளுடையவை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஜெபமணி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். மெலிந்துபோயிருந்தான். காலிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினான். ரோஸ் பிள்ளை எங்கே என்று கேட்டான். புஷ்பம் சொன்னாள். அவன் என்னிடம் வந்து, "எக்கா, இனி எனக்க தோட்டத்துல கால் வைக்காதீங்க" என்றான். நான் வைக்கவில்லை. அவன் மஸ்கட் ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டான் என்று வில்சன் வந்து சொன்னான்.

பிரிக்கிற மாதத்தில் புஷ்பம்தான் முகவலை போட்டுக்கொண்டு மாமியார் பெட்டியைப் பிரித்தாள். அவன் திண்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தானாம். ரப்பர் தளிர் விட்டுத் தேன் கிடைக்கிற பருவத்தில் நின்றதே நாலு பெட்டிதான். தேன் கொஞ்சம். விசா இழுத்துக்கொண்டே போனது. அது வந்திருந்தால் போயிருப்பான், பொய் சொல்ல மாட்டேன். அடுத்த மழைக்குள் இன்னும் சில பெட்டிகள் ஆயின.

பிறகு கடந்தை மாதம் வந்தது. புஷ்பம் போன் போட்டாள். "வாருங்க எக்கா. அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

நான் போனபோது அவன் பெட்டிகளுக்கு நடுவே மட்டையோடு நின்றான். பழக்கம். கடந்தைகள் தொங்கிக்கொண்டிருந்தன. அவன் கையை ஓங்கினான்.

"மட்டையக் கீழ வையுங்க" என்றாள் புஷ்பம்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா? மறுபடி அழியணுமா?"

"வையுங்க. எது நிக்கும், எது விழும்னு தெரியாண்டாமா? எத்தன காலம் நின்னு அடிப்பிய?"

அவன் மட்டையை இறக்கவில்லை. என்னைப் பார்த்தான். அவள் போய் அவன் விரல்களிலிருந்து மட்டையை எடுத்துக்கொண்டாள்.

பார்த்துக்கொண்டு நின்றோம். ஒரு கடந்தை முதல் பெட்டியில் இறங்கி உருண்டைக்குள் போனது. அடுத்ததில் கிட்டே வந்து அலையைப் பார்த்துத் திரும்பியது. ஓரத்தில் ஒரு பெட்டி, போன பருவத்தில் பிரித்ததுதான், அதன் ராணியோடு சேர்ந்த ஆண் தேனீ எந்தச் சாதுப் பெட்டியிலிருந்து வந்ததோ, அதன் காவல் சிதறியது. ஒதுங்கி வழிவிட ஆரம்பித்தன. கடந்தை உள்ளே போனது. இன்னொன்றும் போனது. ஜெபமணி ஒரு அடி எடுத்து வைத்தான். நின்றான். அந்தப் பெட்டி எங்கள் கண்முன்னால் இரண்டு நாளில் அழிந்தது. அவன் அதைக் காப்பாற்றவில்லை. முகம் கல்லாக இருந்தது. அவன் வேலை தெரிந்தவன் ஆனது அன்றைக்குத்தான் என்று நான் சொல்வேன்.

அழிகிறதையெல்லாம் அழியவிடுங்கள் என்று சொல்லவில்லை. கூட்டம் சிறுத்தால் வாசலைக் குறுக்குங்கள், பெட்டிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள். முகவலை போடுங்கள். கொட்டு வாங்குங்கள். பிரிக்கும்போது எது கன்னத்தில் கொஞ்சியது என்று பார்க்காதீர்கள், கடந்தை வந்த நாளில் எது நின்றது என்று பாருங்கள். அதற்கு அந்த நாளில் நீங்கள் தோட்டத்தில் கைகட்டி நிற்க வேண்டும். இந்த வேலையிலேயே கஷ்டமானது அதுதான். வீடியோவில் வராது.

ஜெபமணி மஸ்கட் போகவில்லை. அவன் பெட்டிகள் கொட்டும். வாங்க வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறான், பாதிப் பேர் திரும்பிப் போகிறார்கள், பாதிப் பேர் வாங்குகிறார்கள். மாமியார் என்ற பெயரை மட்டும் மாற்றவில்லை. புஷ்பமும் இப்போது அதற்குச் சண்டை போடுவதில்லை.

அந்த மட்டையை அவர்கள் மகள் எடுத்துக்கொண்டாள். நரம்பில் பழைய கறை இன்னும் இருக்கிறது, கழுவினாலும் போகவில்லை. சாயங்காலம் வீட்டு முற்றத்தில் அதை வைத்து இறகுப்பந்து ஆடுகிறாள். எதிர்ப்பக்கம் நின்று ஆடுவது அவள் அப்பா.